கதவுதான் பாக்ஸ்: லோடு வண்டிக்கு ஸ்பீக்கர் மாத்துறது எப்படி

இந்த வாரம் சாஃப்ட்வேர் பக்கமே போகல. வண்டி ஸ்பீக்கர் பத்திப் பேசப் போறோம். அதுவும் கார் இல்ல, பிக்கப். ஊர்ல லோடு வண்டின்னு சொல்வோமே, அது.

காருக்கு ஸ்பீக்கர் மாத்துறதப் பத்தி யூடியூப்ல வீடியோ குவிஞ்சு கிடக்கு. லோடு வண்டிக்குத் தேடிப் பாருங்க, உருப்படியா ஒண்ணு ரெண்டு தேறுறதே கஷ்டம். நாம ஆபீஸ் போற வழியில முக்கால் மணி நேரம் பாட்டு கேக்குறோம். அதுக்கு ஆம்ப், சப் ஊஃபர்னு பணத்தைக் கொட்டுறோம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அந்த ஸ்பீக்கர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கிறவர் லோடு வண்டி டிரைவர். நமக்கு அது போற வழி, அவருக்கு அதுதான் ஆபீஸ்.

எனக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர். வேலை சென்னையில. என் சித்தப்பா 20 வருஷத்துக்கு மேல வண்டி ஓட்டுறார், இப்போ சொந்தமா ஒரு பிக்கப் வச்சிருக்கார். அமலிநகர், ஆலந்தலை பக்கம் கரைக்கு வர்ற மீனை ஐஸ் போட்டு ஏத்திக்கிட்டு தூத்துக்குடிக்குப் போவார். வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி செங்கோட்டை, புளியரை வழியா கேரளா லோடு. ஊருக்குப் போயிருந்தப்போ என்கிட்ட கேட்டார்: "ஏல, நீ இன்ஜினியருக்குத்தான படிச்ச? இந்த ஸ்பீக்கர்ல ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. 500 வாட்ல ஒரு ஜோடி பாத்து வாங்கித் தா."

அந்த 500 வாட்ல இருந்தே ஆரம்பிக்கலாம்.

500 வாட் எங்க இருக்கு?

ஸ்பீக்கர் டப்பா மேல பெருசா அச்சடிச்சிருக்கிற வாட், அந்த ஸ்பீக்கர் போடப் போற சத்தம் கிடையாது. அது தாங்குற அளவு. 500 கிலோ தாங்கும்னு ஒரு கயிறு வாங்குறீங்க. அந்தக் கயிறு தானா எதையும் தூக்காது, இழுக்குற ஆள்தான் தூக்கணும். இங்க இழுக்குற ஆள், டேஷ்போர்டுல இருக்கிற செட்டு. அந்த 500-ங்கிறதும் பெரும்பாலும் 'பீக்', அதாவது ஒரு நொடி வந்து போற அளவு. பக்கத்துலயே சின்ன எழுத்துல 'ஆர்.எம்.எஸ்.'னு ஒரு எண் இருக்கும், 50, 60னு. தொடர்ந்து தாங்குறது அவ்வளவுதான்.

சரி, செட்டு எவ்வளவு கொடுக்கும்? செட்டு முகப்புல '50 வாட் x 4'னு போட்டிருக்கும். இதை ஒரு பேப்பர் எடுத்து நீங்களே கணக்குப் போடலாம். வண்டி ஓடும்போது பேட்டரி லைன்ல சுமார் 14.4 வோல்ட் இருக்கும். வண்டி ஸ்பீக்கர் பொதுவா 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல பெருக்கி 4-ஆல வகுத்தா 51.8. அந்த 50 வாட் வந்த வழி இதுதான். ஆனா இது செட்டு முழுசா வெட்டுப்பட்டு, சதுர அலையா, கரகரன்னு கத்தும்போது வர்ற கணக்கு. பாட்டு சுத்தமா வரணும்னா சைன் அலைக்கு இதுல பாதி, கிட்டத்தட்ட 26 வாட். அதுலயும் உள்ள இருக்கிற சிப்ல கொஞ்சம் வீணாகும். கைக்கு வர்றது 20 வாட் பக்கம்.

அப்போ செட்ட மாத்தாம, ஆம்ப் போடாம 500 வாட் ஸ்பீக்கர் மாட்டினாலும் அதுக்குள்ள போகப் போறது அதே 20 வாட்தான். பெரிய வாட் தாங்குறதுக்காகச் சில ஸ்பீக்கர்ல காயில், கோன் எல்லாத்தையும் கனமாப் பண்ணியிருப்பாங்க. அதே 20 வாட்டுக்கு அது பழசை விடச் சத்தம் கம்மியாப் போடவும் வாய்ப்பு இருக்கு. "அதிக வாட் வாங்கினேன், முன்ன இருந்ததே தேவலை"ன்னு புலம்புறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

சரி, ஆம்ப் போட்டு வாட்டை ஏத்திடலாமான்னு கேட்டா, வாட்டை ரெண்டு மடங்காக்கினா கிடைக்கிறது 3 டெசிபல். 'ஆமா, கொஞ்சம் கூடியிருக்கு'ன்னு சொல்ற அளவு, அவ்வளவுதான். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியணும்னா 10 டெசிபல் வேணும், அதுக்குப் பத்து மடங்கு வாட். 20-ல இருந்து 200. மீன் வண்டியோட ஆல்டர்னேட்டர், பேட்டரி, வயரிங் எல்லாத்தையும் அதுக்காகத் தொடணும்.

மைக் செட்டுக்காரர் தெரிஞ்சு வச்சிருக்கிறது

கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுறவரை நினைச்சுப் பாருங்க. மரத்து மேல ரெண்டு கூம்பு ஸ்பீக்கர், கீழ சின்னதா ஒரு ஆம்ப். அடுத்த ஊருக்குக் கேக்குது. காரணம் வாட் இல்ல, கூம்பு. ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 105 டெசிபலைத் தாண்டுற கூம்புகள் சாதாரணமா கிடைக்குது. வண்டிக் கதவுல வைக்கிற ஸ்பீக்கருக்கு இதே அளவு 86, 88, 90னு இருக்கும். இதுக்குப் பேர் சென்சிடிவிட்டி. டப்பாவுல ரொம்பச் சின்ன எழுத்துல போட்டிருக்கிற எண். முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான்.

86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தா 99 டெசிபல் வரும். 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே 99 வர 5 வாட் போதும். அதாவது செட்டை நாலு மடங்கு பெருசாக்கின மாதிரி, ஒரு ரூபாய் ஆம்புக்குச் செலவில்லாம.

இதுலயும் கம்பெனிங்க ஒரு விளையாட்டு விளையாடும். சில டப்பாவுல '1 வாட், 1 மீட்டர்'னு இருக்கும். சிலதுல '2.83 வோல்ட், 1 மீட்டர்'னு இருக்கும். 2.83 வோல்ட்ங்கிறது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட், ஆனா 4 ஓமுக்கு 2 வாட். அதனால வோல்ட்ல போட்டிருந்தா அந்த எண்ணுல 3 கழிச்சுட்டுத்தான் இன்னொண்ணோட ஒப்பிடணும். 93னு போட்டிருக்கிறது உண்மையில 90. பொய் இல்ல, ஆனா முழு உண்மையும் இல்ல. பெஞ்ச்மார்க் ரிசல்ட் போடுற நம்ம ஃபீல்டுக்கு இது புதுசு ஒண்ணும் இல்லையே.

கதவுக்குள்ள என்ன நடக்குது

இப்போ முக்கியமான இடம். சித்தப்பா வண்டியில டோர் பேடைக் கழட்டினோம். ஆறரை இஞ்ச் பேப்பர் கோன் ஸ்பீக்கர், பின்னாடி காந்தம் கைக்கடிகாரம் சைஸ். ஆனா நான் அசந்து போனது ஸ்பீக்கரைப் பார்த்து இல்ல, கதவைப் பார்த்து. உள் தகடுல ரெண்டு உள்ளங்கை நுழையுற அளவுக்கு ஓட்டைகள். கண்ணாடி ஏத்துற மெக்கானிசத்தை ரிப்பேர் பண்ணக் கை விடுறதுக்காக வச்சது. கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் இருக்கும், கம்பெனியைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

ஆனா ஸ்பீக்கருக்கு அந்த ஓட்டைதான் எமன். கோன் முன்னாடி தள்ளும்போது முன்பக்கக் காத்து அழுந்தும், அதே நேரம் பின்பக்கக் காத்து இளகும். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட மூணரை மீட்டர். அதுக்கு முன்னால ஒரு சாண் தூரத்துல இருக்கிற ஓட்டை ஒண்ணுமே இல்ல. பின்னாடி வர்ற அலை அந்த ஓட்டை வழியா வந்து முன்னாடி அலையோட சேர்ந்து ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும். தவில் அடி, பேஸ் கிட்டார், ஆண் குரலோட கனம் எல்லாம் காணாமப் போயிடும். மிஞ்சுறது டப்பா சத்தம். டிரைவர் என்ன பண்ணுவார்? வால்யூமை ஏத்துவார். ஏத்த ஏத்த கீச்சுச் சத்தம்தான் கூடும், கனம் வராது.

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி எதுக்குன்னு இப்போ புரியும். வண்டியில அந்தப் பெட்டி, கதவுதான். கதவை அடைக்காம ஸ்பீக்கரை மட்டும் மாத்துறது, அடி ஓட்டையா இருக்கிற குடத்துக்கு வாயை மாத்துற மாதிரி.

அடைக்கிறதுக்கு பியூட்டைல் ஷீட்னு விக்குது. ஒரு பக்கம் அலுமினியத் தாள், இன்னொரு பக்கம் ரப்பர் பசை. பெரிய ஓட்டைக்கு மேல மெல்லிசா அலுமினியத் தகடு வெட்டி வச்சு, அது மேல ஷீட்டை ஒட்டி உருட்டி அழுத்தணும். கதவோட வெளித் தகடுக்கு உள்பக்கம் நடுவுல கால்வாசி இடத்துக்கு ஒட்டினா போதும், தகடு அதிர்றது நின்னுடும். முழுசா ஒட்டச் சொல்றவர் ஷீட் விக்கிறவரா இருப்பார். தார் ஷீட் விலை கம்மின்னு எடுத்துடாதீங்க. நம்ம ஊர் வெயில்ல இளகி வழியும், கேபினே ரோடு போடுற இடம் மாதிரி நாறும்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் அடைக்கவே கூடாது: கதவோட அடிவிளிம்புல இருக்கிற சின்னச் சின்னத் துவாரங்கள். கண்ணாடி இறங்குற சந்து வழியா மழைத்தண்ணி கதவுக்குள்ள இறங்கும், அந்தத் துவாரம் வழியாத்தான் வெளியே போகும். அதை அடைச்சா கதவு உள்ளேயிருந்து அரிக்க ஆரம்பிக்கும். டோர் பேடுக்குப் பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் தாளையும் கிழிச்சுப் போட்டுடாம திரும்ப ஒட்டணும்.

இன்னொண்ணு, புது ஸ்பீக்கரை வாங்குறதுக்கு முன்னாடியே கண்ணாடியை முழுசா இறக்கி, உள் தகடுல இருந்து கண்ணாடி வரைக்கும் ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க. பெரிய காந்தம் கண்ணாடியில இடிக்கும். இடிச்சா நடுவுல ஒரு வளையம் கொடுத்து ஸ்பீக்கரை வெளியே தள்ளணும். கடையில எம்.டி.எஃப். பலகையில வெட்டின வளையம் கொடுப்பாங்க. ஏசி கார்ல சரி. மீன் வண்டியில ரெண்டு மழைக்கு அது ஊறிப் பிஸ்கட் மாதிரி ஆயிடும். நாங்க பண்ணினது, பாத்திரக் கடையில காய் நறுக்குற தடிமனான பிளாஸ்டிக் பலகை ரெண்டு வாங்கி வட்டமா வெட்டினோம். அது ஊறாது, அழுகாது, ஸ்குரூ நல்லாப் பிடிக்குது. சித்திக்கு மட்டும், "வீட்டுக்கு ஒரு பலகை வாங்கித் தர வக்கில்ல, வண்டிக்கு ரெண்டா?"ன்னு கோபம்.

உப்புக் காத்து

தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூருக்கு வர்ற ரோட்டை எடுத்துக்கோங்க. முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி. வழியில உப்பளம், ஒரு பக்கம் கடல். இதுல மீன் வண்டின்னா ஐஸ் உருகி வடியுற தண்ணியும் உப்பு. வெளிநாட்டு ரிவ்யூ எதுவும் இந்த நிலைமையைக் கணக்குல எடுக்காது. இங்க ஸ்பீக்கர் கெடுறது வாட் ஏறி இல்ல, துரு ஏறி.

பேப்பர் கோன் சத்தத்துக்கு மோசம்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நல்ல ஸ்பீக்கர்கள்ல பேப்பர்தான் இருக்கு. ஆனா மேல பூச்சு இல்லாத பேப்பர் ஈரத்தை இழுத்துக் கனமாகும், விளிம்பு தளரும். அதனால பாலிப்ரொப்பிலீன் கோன், சுத்தி ரப்பர் விளிம்பு. ஃபோம் விளிம்பு வேணாம், நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது உதிரும். காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ரொம்பக் குறுகல். அங்க ஒரு துணுக்குத் துரு விழுந்தாலும் கரகரன்னு உரசும். பழைய ஸ்பீக்கர்ல கேட்டது அந்தச் சத்தம்தான். சித்தப்பா அதைப் பாட்டோட ரெக்கார்டிங் சரியில்லைன்னே ரொம்ப நாளா நினைச்சிருக்கார்.

வயர் விஷயத்துல கறாரா இருங்க. விலை கம்மியாக் கிடைக்கிற வயர்ல நிறைய, உள்ள அலுமினியம், மேல செம்புப் பூச்சு. பிளேடால சுரண்டினா வெள்ளையாத் தெரியும். கடல் காத்துல அது முனையில இருந்து பொடிப் பொடியாக ஆரம்பிக்கும். படகுக்கு வயரிங் பண்றவங்க ஈயம் பூசின செம்பு வயர் போடுவாங்க. அது கிடைச்சா நல்லது, இல்லன்னா சுத்தமான செம்பு. ஜாயின்டை முறுக்கி டேப் சுத்தி விடாம, சால்டர் வச்சு, உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. டெர்மினல்ல மாட்டி முடிச்சதும் மேல கொஞ்சம் வாசலின் தடவி விடுங்க, காத்து படாது.

ரெண்டு எச்சரிக்கை. பழைய காலத்து செட்ல ஸ்பீக்கரோட ஒரு வயரை பாடியில எர்த் பண்ணுவாங்க. பழகின கை சில சமயம் இன்னும் அப்படியே பண்ணும். இப்போ வர்ற செட்ல ஸ்பீக்கரோட ரெண்டு வயருமே ஆம்ப்ல இருந்து வருது. ஒண்ணை பாடியில தொட்டா செட்டோட சிப் போச்சு. கடைக்கார அண்ணாச்சிகிட்ட இதை முதல்லயே பதமாச் சொல்லிடுங்க. ரெண்டாவது, பிளஸ் மைனஸ். ஒரு பக்கம் மாறிப் போனா ஒரு கோன் முன்னாடி வரும்போது இன்னொண்ணு பின்னாடி போகும், கதவு ஓட்டையில நடந்த அதே அழிவு கேபினுக்குள்ள நடக்கும். சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் வயர்ல ஒரு நொடி தொட்டுப் பாருங்க. பேட்டரி பிளஸ்ஸும் ஸ்பீக்கர் பிளஸ்ஸும் சேர்ந்தா கோன் வெளியே வரும். செட்டோட இணைப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் இதைப் பண்ணணும்.

ஆம்ப் போட்டே தீருவேன்னு நிக்கிறவங்களுக்கு ஒரு வரி: பேட்டரியில இருந்து ஒரு முழத்துக்குள்ள ஃபியூஸ். அந்த ஃபியூஸ் இல்லாம நீளமா ஓடுற வயர் எங்கயாவது தகடுல உரசினா வண்டி எரியும்.

மாத்தினோம், அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது

நாங்க எடுத்தது ஆம்ப் இல்லாத வழி. ட்வீட்டர் தனியா வர்ற ஒரு ஜோடி செட், பியூட்டைல் ஷீட், வயர், அந்தப் பலகை. எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது, ஒரு நாள் வேலை. செட்டு பழசுதான். செட்டிங்ஸ்ல ஹை பாஸ்னு ஒண்ணு இருந்தது, அதை 80 ஹெர்ட்ஸ்ல வச்சேன். அதுக்குக் கீழ இருக்கிற சத்தத்தை இந்த ஸ்பீக்கர் எப்படியும் போடாது. டீசல் இன்ஜின் உறுமல்ல அது கேக்கவும் போறதில்ல. இருக்கிற 20 வாட்டை அதுல ஏன் வீணாக்கணும்?

ட்வீட்டரை ஏன் தனியா எடுத்தோம்னா, கதவு ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்து இருக்கு. கீழ்ச் சத்தம் எல்லாப் பக்கமும் பரவும். மேல்ச் சத்தம் டார்ச் லைட் மாதிரி, எந்தப் பக்கம் திருப்புறோமோ அங்கதான் போகும். ட்வீட்டரை டேஷ்போர்டு மூலையில முகத்தைப் பார்த்து வச்சா வால்யூமை ஏத்தாமலேயே வார்த்தை தெளிவா விழும்.

முடிச்சுட்டு சித்தப்பாவை உட்கார வச்சுப் பாட்டுப் போட்டேன். "நல்லாருக்குல"ன்னுட்டு, கையை நீட்டி டிரெபிளை முழுசா ஏத்தினார். எனக்குக் காது கூசிடுச்சு. அவர், "இப்பத்தான் தெளிவா இருக்கு"ங்கார். பேலன்ஸும் வலது பக்கம் தள்ளியே இருந்தது. ஏன் சித்தப்பான்னு கேட்டா, "அந்தப் பக்கம் கொஞ்சம் கம்மியாக் கேக்கும்டே, ஸ்பீக்கர் கோளாறு." அந்தப் பக்க ஸ்பீக்கரை அப்பத்தான் புதுசா மாட்டியிருக்கேன்.

மறு வாரமே தூத்துக்குடியில ஒரு காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். ஆடியோகிராம் எடுத்தாங்க. ரெண்டு காதுலயும் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமா இறங்கியிருந்தது, வலது காதுல இன்னும் ஆழமா. அதிக சத்தத்துல வருஷக்கணக்கா இருக்கிறவங்களுக்கு முதல்ல அடிபடுற இடம் அதுதான். வலது பக்கம் அவரோட ஜன்னல் பக்கம். ஏசி இல்லாத வண்டி, கண்ணாடி எப்பவும் இறங்கியே இருக்கும். 20 வருஷக் காத்து, ஹாரன், எதிர்ல வர்ற லாரி எல்லாம் அந்தக் காதுக்குத்தான் முதல்ல. அது போதாதுன்னு பேலன்ஸைத் தள்ளி, அடிபட்ட காதுக்கே கூடுதலா அடிச்சுக்கிட்டு இருந்திருக்கார். போன காது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்திக்கோங்கன்னு டாக்டர் சொன்னார்.

இந்தக் கணக்கு நமக்கும் வேணும். உலக சுகாதார நிறுவனம் சொல்றது 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10, 89-க்கு 5. முன்னாடி 3 டெசிபல் பெரிய விஷயம் இல்லைன்னு சொன்னேனே? காதுக்குப் பெரிய வித்தியாசமாத் தெரியாத அதே 3 டெசிபல்தான் இங்க நேரத்தைப் பாதியா வெட்டுது. வாரத்துல 60 மணி நேரம் கேபின்ல இருக்கிறவருக்கு 500 வாட் எதுக்கு?

நல்ல ஸ்பீக்கர்னா வால்யூமைக் குறைக்க விடுற ஸ்பீக்கர், என்னோட அளவுகோல் இப்போ அதுதான். சித்தப்பா செட்ல முன்னாடி 28-ல இருக்கும், பேசணும்னா கத்தணும். இப்போ பேலன்ஸ் நடுவுல, டிரெபிள் ரெண்டு படி மேல, வால்யூம் 19. முதல் ரெண்டு நாள் முனகினார். அப்புறம் கேரளா லோடு போயிட்டு வந்து போன் பண்ணினார்: "சத்தம் கம்மிதாம்டே, ஆனா வார்த்தை வந்து விழுது." அவர் சின்ன வயசுல மீடியம் வேவ்ல இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். அந்த ரேடியோவுல பேஸும் கிடையாது, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல பெருசா ஒண்ணும் வராது. ஆனாலும் அறிவிப்பாளரோட ஒரு எழுத்து தப்பாது. பேச்சு இருக்கிற நடுப்பகுதி சுத்தமா இருந்தா, மனுஷன் மத்ததைப் பொறுத்துக்குவான்.

இன்னொண்ணும் அவரே சொன்னார். புளியரை மலைப்பாதை வளைவுல எதிர்வண்டி ஹாரன் இப்போ முன்னாடியே கேக்குதாம்.

தூக்கம்

ராத்திரி வண்டி ஓட்டுற எல்லாரும் சொல்ற காரணம், "சத்தமா வச்சாத்தான் தூக்கம் வராது." இதை நான் ஏத்துக்கல. பாட்டும் ஜன்னல் காத்தும் தூக்கத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப் போடும், விரட்டாது. கண் திறந்திருக்கும், மூளை சில நொடி தூங்கிடும். 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடிக்கு வண்டி 22 மீட்டர் போகுது. மூணு நொடின்னா 66 மீட்டர், ஓட்டுறதுக்கு ஆள் இல்லாம. இதுக்கு வேலை செய்யுறது ஓரங்கட்டி ஒரு காபி குடிச்சுட்டு 20 நிமிஷம் கண்ணை மூடுறதுதான். காபி உடம்புல ஏறுறதுக்கும் எழுந்திரிக்கிறதுக்கும் சரியா இருக்கும். மீன் ஐஸ்ல இருக்கு, 20 நிமிஷத்துல ஒண்ணும் ஆகாது. ஆனா லோடு இறக்குற இடத்துல 5 மணிக்கு நிக்கலைன்னா வாடகையில கழிப்பாங்களே, அதுக்கு எந்த ஸ்பீக்கரும் பதில் இல்ல. அதையும் சேர்த்துத்தான் நாம பேசணும்.

வந்த ரெண்டு கேள்வி

இந்த டாபிக் வருதுன்னு சொன்னதும் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு எங்க குழு பிக்கப்தான் எடுக்குது, அதுக்கும் இதே செட் போதுமான்னு. போதாது, அது வேற வேலை. தசரா வண்டிக்கு ஊருக்குக் கேக்கணும், டிரைவருக்கு இல்ல. காளி வேஷம் போட்டவங்க, மேளம், கூட வர்ற கூட்டம் எல்லாத்துக்கும் நடுவுல எழும்பணும்னா கூம்பு வேணும், தனி ஆம்ப் வேணும், முடிஞ்சா தனி பேட்டரி. கதவு ஸ்பீக்கரை அதுக்கு முறுக்கினா மூணாவது தெருவுலயே காயில் கருகிடும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். கூம்பை கேபின் கூரையில முன்பக்கம் கட்டினா கீழ உட்கார்ந்திருக்கிற டிரைவருக்கு அது தலைக்கு மேல அரை மீட்டர். பின்னாடி தள்ளிக் கட்டுங்க, அவருக்குக் காதுல வைக்கப் பஞ்சு இல்ல, மருந்துக் கடையில கிடைக்கிற ஃபோம் அடைப்பான் வாங்கிக் கொடுங்க.

ரெண்டாவது, பெரிய லாரிக்கும் இதையே பண்ணலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். கதவு, வயர், துரு எல்லாம் அதேதான். ஆனா பெரிய லாரி பலதும் 24 வோல்ட். 12 வோல்ட் செட்டை நேரா கொடுத்தா புகைதான் வரும், நடுவுல கன்வர்ட்டர் வேணும். ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து மட்டும் 12 எடுக்கிற குறுக்கு வழி சிலர் சொல்வாங்க. ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் சாகும், அதைப் பண்ணாதீங்க.

பராமரிப்புன்னு பார்த்தா வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிஞ்சதும் டோர் பேடைக் கழட்டி, டெர்மினல்ல பச்சை படிஞ்சிருக்கான்னு பார்த்து, அடித் துவாரத்துல ஒரு கம்பியை விட்டு மண்ணை எடுத்து விட்டாப் போதும். அரை மணி நேர வேலை. சித்தப்பா கழட்டின பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போட விடல, கரகரன்னாலும் பரவாயில்லைன்னு ஐஸ் உடைக்கிற ஷெட்ல மாட்டியிருக்கார்.

உங்க வண்டியோட மாடல், செட்டு, கதவுக்குள்ள எத்தனை இஞ்ச் ஆழம்னு அளந்து வாய்ஸ் நோட்ல அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். டப்பாவுல எத்தனை வாட்னு மட்டும் சொல்லாதீங்க.